பட்டறையில் எரிவாயு சிலிண்டர்: கசிந்தால் எங்கே போகும்?

சிங்கப்பூரில் காக்கி புக்கிட், சின் மிங், சுங்கை காடுட் போன்ற தொழிற்பேட்டைகளில் இயங்கும் சிறு பட்டறைகளில் இரும்பை வெட்டவும், குழாய்களைப் பற்றவைக்கவும், வளையாத தகட்டைச் சூடேற்றி வளைக்கவும் எரிவாயு சிலிண்டர்கள் அன்றாடம் பயன்படுகின்றன. அவற்றை எங்கே வைக்க வேண்டும், எப்படி நகர்த்த வேண்டும், எப்போது மூட வேண்டும் என்ற விதிகள் பெரும்பாலும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் அவற்றைப் படித்ததாகக் கையெழுத்தும் போட்டிருப்பார். ஆனாலும் காரணம் தெரியாமல் மனப்பாடம் செய்த விதியைத்தான் வேலை அவசரத்தில் மனிதர்கள் முதலில் கைவிடுகிறார்கள். எனவே இந்தக் கட்டுரை விதிகளை வரிசையாக அடுக்கவில்லை. 'இந்த வாயு கசிந்தால் எங்கே போய்ச் சேரும்?' என்ற ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது. அதற்கு விடை தெரிந்தவருக்குச் சிலிண்டரை எங்கே நிறுத்துவது என்பதைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

பட்டறைகளில் அதிகம் காணப்படும் எரிவாயுக்கள் இரண்டு. ஒன்று, சமையலுக்கும் பயன்படும் எல்பிஜி. இது புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. மற்றொன்று அசிட்டிலின். சில இடங்களில் ஹைட்ரஜனும் இருக்கும். இவை மூன்றும் எரியும் என்பதைத் தவிர, மற்றத் தன்மைகளில் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டவை. புரோப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் இரண்டு மடங்கு கனமானது. அசிட்டிலின் காற்றைவிடச் சற்றே இலேசானது. ஹைட்ரஜனோ காற்றின் எடையில் பதினான்கில் ஒரு பங்குதான் இருக்கும். ஆகவே கசிந்த எல்பிஜி தரையோடு தரையாகப் பரவும், ஹைட்ரஜன் கூரைக்கு ஏறும், அசிட்டிலின் அறைக் காற்றோடு கலந்து நிற்கும்.

எல்பிஜி தரையோடு பரவும் என்பதன் முழுப் பொருளையும் சற்று நின்று யோசிக்க வேண்டும். தரையில் எங்கெல்லாம் பள்ளம் இருக்கிறதோ அங்கெல்லாம் அது இறங்கித் தேங்கும்: வடிகால், கேபிள் ஓடும் பள்ளம், வாகனத்தின் அடியில் நின்று வேலை செய்வதற்கான குழி, மின்தூக்கியின் அடிக்குழி, கீழ்த்தளம். எரிவாயு மூக்குக்கு எட்டுவதற்காகவே அதில் கடுமையான வாடையுள்ள மெர்காப்டன் என்ற பொருளைக் கலந்து விற்கிறார்கள். ஆனால் வாயு முழங்காலுக்குக் கீழே தேங்கிக் கிடக்கும்போது, நிமிர்ந்து நிற்பவரின் மூக்குக்கு அந்த வாடை உடனே எட்டும் என்று நம்பிவிட முடியாது. காற்றில் சுமார் 2 விழுக்காடு சேர்ந்தாலே எல்பிஜி தீப்பிடிக்கும் அளவை எட்டிவிடுகிறது.

நம் ஊர்ப் பட்டறைகளுக்கே உரிய ஓர் ஆபத்து இங்கே இருக்கிறது. பல மாடித் தொழிற்கூடங்களில் உள்ள அலகுகளுக்குப் பெரும்பாலும் ஒரே திறப்புதான், அதுவும் உருட்டுக் கதவு. பகல் முழுவதும் அது திறந்திருக்கும்போது காற்று தாராளமாக ஓடுகிறது. மாலையில் கதவை இறக்கிப் பூட்டியதும் அந்த அறை ஒரு மூடிய பெட்டியாகிவிடுகிறது. வால்வைச் சரியாக மூடாமல் டார்ச்சின் (வெட்டும், பற்றவைக்கும் சுடரைத் தரும் கைக்கருவி) குமிழை மட்டும் திருகிவிட்டு வீட்டுக்குப் போனால், சிலிண்டரிலிருந்து டார்ச்சுக்கு வாயுவைக் கொண்டுபோகும் ஹோஸில் உள்ள ஒரு சிறு வெடிப்பு வழியாக இரவு முழுவதும் வாயு கசிந்துகொண்டே இருக்கும். மறுநாள் காலையில் கதவைத் தூக்கி விளக்கின் சுவிட்சைத் தட்டுபவர், கசிவைப் பற்றி எதுவும் அறியாதவராக இருக்கலாம். டார்ச் எரியும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். என் கணிப்பில், ஒரு பட்டறையின் பாதுகாப்பை அளக்க வேண்டிய நேரம் கதவு பூட்டிய பிறகு வரும் அந்த இரவுதான். அதனால், வேலை முடிந்ததும் சிலிண்டரின் வால்வையே மூட வேண்டும். பிறகு ஹோஸில் மிச்சமிருக்கும் வாயுவைக் காற்றோட்டமான இடத்தில், அருகில் நெருப்பு இல்லாதபோது வெளியேற்றிவிட வேண்டும். கூடுதல் சிலிண்டர்களைக் கட்டடத்துக்கு வெளியே, கம்பி வலையடித்த, பூட்டக்கூடிய கூண்டில் வைப்பதே சிறந்தது. உள்ளே வைத்தே தீரவேண்டும் என்றால், அந்த இடத்தில் மேலும் கீழும் நிரந்தரமான காற்றுத் திறப்புகள் இருக்க வேண்டும். மேலே ஒரு சன்னல் மட்டும் இருந்தால் எல்பிஜிக்கு அதனால் பயன் இல்லை. கீழ்த்தளத்தில் எல்பிஜி வைக்கவே கூடாது.

நின்ற நிலையில்தான் வைக்க வேண்டும், ஏன்?

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருபவர்கள் பலர் சிலிண்டரை முதலில் பார்த்தது தங்கள் வீட்டு அடுப்பங்கரையில்தான். மாதக் கடைசியில் அடுப்பு மங்கலாக எரியும்போது, மிச்சமிருக்கும் வாயுவையும் எடுத்துவிடலாம் என்று சிலிண்டரைச் சாய்த்து வைப்பதும், படுக்க வைப்பதும், சிலர் வெந்நீர் ஊற்றுவதும் நாம் கண்டு வளர்ந்த பழக்கங்கள். வீட்டிலேயே அது தவறு. பட்டறையில் இன்னும் பெரிய தவறு. எல்பிஜி சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பகுதி திரவம். அதன் மேற்பகுதியில் திரண்டிருக்கும் ஆவியைத்தான் நாம் எடுத்துப் பயன்படுத்துகிறோம். சிலிண்டரைப் படுக்க வைத்தால் வால்வின் வாய்க்குத் திரவமே வந்துவிடும். ஒரு லிட்டர் திரவப் புரோப்பேன் வெளிவந்தால் ஏறத்தாழ 270 லிட்டர் வாயுவாக விரிகிறது. ரெகுலேட்டரும் ஹோஸும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அத்துடன், அழுத்தம் அளவுக்கு மீறினால் தானாகத் திறந்து வாயுவை விடுவிக்கும் பாதுகாப்பு வால்வும் ஆவிப் பகுதியில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதிக அளவில் வாயுவை இழுக்கும்போது சிலிண்டரின் வெளிப்புறத்தில் பனி படிவதைக் காணலாம். திரவம் ஆவியாவதற்குத் தன் வெப்பத்தையே செலவிடுவதால் அது குளிர்கிறது. அப்போது சூடேற்ற வேண்டும் என்று தோன்றும். சூடேற்றக் கூடாது, பெரிய சிலிண்டருக்கு மாறுவதோ, இரண்டு சிலிண்டர்களை முறையான இணைப்பில் சேர்த்துப் பயன்படுத்துவதோதான் சரியான வழி.

அசிட்டிலினின் கதை வேறு. இந்த வாயுவைச் சாதாரண முறையில் அழுத்தி அடைக்கவே முடியாது. தனியாக வைத்து அழுத்தத்தைக் கூட்டினால், காற்றோ ஆக்சிஜனோ இல்லாமலே அது தானாகச் சிதைந்து வெடிக்கக்கூடியது. ஆகவே அசிட்டிலின் சிலிண்டருக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு திடப்பொருளை முழுவதும் நிரப்பி, அதில் அசிட்டோன் என்ற திரவத்தை ஊற வைத்து, அந்தத் திரவத்தில் வாயுவைக் கரைத்து வைக்கிறார்கள். சிலிண்டரைப் படுக்க வைத்து வால்வைத் திறந்தால் வாயுவோடு அசிட்டோனும் வெளியே வந்து ஹோஸையும் ரெகுலேட்டரையும் கெடுக்கும். உள்ளே அசிட்டோன் குறையக் குறைய, எஞ்சியுள்ள வாயுவைப் பாதுகாப்பாகப் பிடித்து வைத்திருக்க ஆள் இல்லாமல் போகும். லாரியில் படுக்க வைத்து வந்த சிலிண்டராக இருந்தால், நிமிர்த்தி நிறுத்திக் குறைந்தது ஒரு மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். எவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தது என்று தெரியாவிட்டால் அதற்கும் மேல். மிக வேகமாக வாயுவை இழுத்தாலும் இதே விளைவுதான். ஒரு மணி நேரத்துக்குள் சிலிண்டரில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரைதான் எடுக்கலாம் என்ற வரம்பு இதனால்தான் வந்தது. ரெகுலேட்டரின் வேலைப் பக்கத்து அழுத்தத்தை ஏறத்தாழ 1 பாருக்கு (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் உயர்த்தக் கூடாது. வெட்டு சரியாக விழவில்லை என்றால் டார்ச் முனையின் அளவைப் பார்க்க வேண்டுமே தவிர, அசிட்டிலின் அழுத்தத்தைக் கூட்டக் கூடாது. செம்புக் குழாயை ஒருபோதும் அசிட்டிலினுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும். செம்போடு சேர்ந்து அது உண்டாக்கும் சேர்மம், இலேசான தட்டுக்கே வெடிக்கும் தன்மை கொண்டது.

நிமிர்த்தி வைத்தால் மட்டும் போதாது, விழாமலும் இருக்க வேண்டும். அறுபது எழுபது கிலோ எடையுள்ள ஒரு சிலிண்டர் சாய்ந்தால் காலை நசுக்கும். வால்வு உடைந்தால் அதைவிடப் பெரிய கேடு. நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டருக்குள் 150 பாருக்கும் மேல் அழுத்தம் இருக்கும் என்பதால், வால்வு முறிந்துபோனால் அந்த இரும்புக் குழாயே சுவரைத் துளைக்கும் வேகத்தில் பாயும். சிலிண்டரின் உயரத்தில் பாதிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், சங்கிலி போட்டுச் சுவரிலோ ஸ்டாண்டிலோ கட்ட வேண்டும். நைலான் கயிறு தீயில் முதலில் உருகிவிடும், சங்கிலியே போடுங்கள்.

ஆக்சிஜனைப் பிரித்து வையுங்கள்

ஆக்சிஜன் எரிவாயு அல்ல. அது தானாக எரியாது. ஆனால் எரியும் எதையும் வெறிபிடித்ததுபோல் எரிய வைக்கும். நாம் மூச்சு விடும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. அது 24 விழுக்காட்டைத் தாண்டினாலே, வழக்கமாக மெல்லக் கருகும் பருத்திச் சட்டைகூடச் சட்டென்று பற்றிக்கொள்ளும். ஆக்சிஜனுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வேலை முடிந்ததும் சட்டையில் படிந்த தூசியை ஆக்சிஜன் ஹோஸால் ஊதித் தள்ளும் பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. துணிக்குள் புகுந்த ஆக்சிஜன் வெளியேறச் சிறிது நேரமாகும், அதற்குள் ஒரு சிகரெட் பற்றவைத்தாலே போதும். எண்ணெயும் கிரீஸும் ஆக்சிஜன் அழுத்தத்தில் பட்டால் தீப்பொறி இல்லாமலே எரியத் தொடங்கலாம். அதனால் ஆக்சிஜன் ரெகுலேட்டரை எண்ணெய்க் கையோடு தொடவும் கூடாது, அதன் திருகு இறுக்கமாக இருக்கிறதே என்று துளி எண்ணெய் விடவும் கூடாது.

இருப்பு வைக்கும் இடத்தில் ஆக்சிஜனையும் எரிவாயுவையும் அடுத்தடுத்து வைக்கக் கூடாது. ஒன்றில் கசிவு ஏற்பட்டு மற்றொன்றும் கசிந்தால், எரிபொருளும் அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் ஒரே மூலையில் சேர்ந்துவிடும். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதிகள் இரண்டுக்கும் இடையே சுமார் 6 மீட்டர் இடைவெளி வேண்டும், அல்லது குறைந்தது அரை மணி நேரம் தீயைத் தாங்கும் சுமார் 1.5 மீட்டர் உயரச் சுவர் வேண்டும் என்கின்றன. உங்கள் பட்டறைக்கு வழங்கப்பட்ட உரிமத்தில் வேறு அளவு குறிக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். டிராலியில் ஒன்றாகக் கட்டிய சிலிண்டர் சோடி வேலை நடக்கும்போது மட்டும் விதிவிலக்கு. பல பட்டறைகளில் அந்த டிராலி இரவிலும் அப்படியே, ரெகுலேட்டர் பொருத்தியபடியே மூலையில் நிற்கிறது. அது வேலையா, இருப்பா என்ற கேள்வியை மேற்பார்வையாளர் தமக்குத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெயிலைப் பற்றியும் ஒரு சொல். சிங்கப்பூரில் நிழலிலேயே 31, 32 டிகிரி சாதாரணம். நேரடி வெயிலில் நிற்கும் இரும்பு அதைவிட வெகுவாகச் சூடேறும். சிலிண்டர் 50 டிகிரியைத் தாண்டவிடக் கூடாது என்பது வழக்கமான வரம்பு. கூண்டுக்கு மேலே ஒரு கூரை போட்டாலே இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும். மழையில் துருப்பிடிப்பதும் குறையும்.

நகர்த்துதல், இணைத்தல், சோதித்தல்

சிலிண்டரை டிராலியில்தான் நகர்த்த வேண்டும். ரெகுலேட்டரைக் கழற்றி, பாதுகாப்பு மூடியைத் திருகிய பின்னரே நகர்த்த வேண்டும். அந்த மூடி வால்வைக் காக்கத்தான் இருக்கிறது, கிரேன் கொக்கியை மாட்ட அல்ல. மூடிய வேனிலோ காரின் பின்பெட்டியிலோ எரிவாயு சிலிண்டரை ஏற்றிச் செல்லக் கூடாது. கசியும் வாயுவுக்கு வெளியேற வழி இல்லாத மிகச் சிறிய அறை அதுதான்.

எந்த வாயு என்பதை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நிறங்கள் நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகின்றன. சிலிண்டரின் தோளில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்துத்தான் உறுதி செய்ய வேண்டும், சீட்டு இல்லாத சிலிண்டரைத் திருப்பி அனுப்ப வேண்டும். எரிவாயு இணைப்புகள் இடப்பக்கமாகத் திருகும் புரிகளைக் கொண்டவை, ஆக்சிஜன் இணைப்புகள் வலப்பக்கப் புரி கொண்டவை. தவறான ரெகுலேட்டரை மாட்டவே முடியாதபடி செய்த ஏற்பாடு இது. புரி சேரவில்லை என்றால் ஸ்பேனரை இன்னும் அழுத்திப் பிடிப்பது அறிவுடைமை அல்ல. கையில் இருப்பது தவறான பொருள் என்று அந்தப் புரியே சொல்கிறது. ஹோஸ்களில் அசிட்டிலினுக்குச் சிவப்பு, ஆக்சிஜனுக்கு நீலம், எல்பிஜிக்கு ஆரஞ்சு என்பது பரவலான மரபு. தீ டார்ச்சிலிருந்து ஹோஸ் வழியாகச் சிலிண்டருக்குப் பின்னோக்கி ஓடாமல் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இரண்டு ரெகுலேட்டர்களிலும் இருக்க வேண்டும். அசிட்டிலின் வால்வை முக்கால் சுற்று, அதிகம் போனால் ஒன்றரைச் சுற்று மட்டும் திறந்தால் போதும். சாவியால் திறக்கும் வகையானால், சாவியை வால்விலேயே விட்டுவைக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கசிவைச் சோதிக்கும் முறை எளியது. பாத்திரம் கழுவும் திரவத்தில் சிறிதளவு தண்ணீரில் கலந்து (ஆக்சிஜன் இணைப்புகளுக்கு மட்டும் அதற்குப் பதிலாக எண்ணெய்ப் பசை இல்லாத சோதனைக் கரைசலை எடுத்துக்கொண்டு), ஒரு தூரிகையால் வால்வின் கழுத்து, ரெகுலேட்டரின் நட்டு, ஹோஸ் கிளிப் ஆகியவற்றைச் சுற்றித் தடவி அரை நிமிடம் அசையாமல் பார்க்க வேண்டும். பெரிய கசிவு உடனே நுரைத்துத் தள்ளும். சிறு கசிவோ நட்டின் ஓரத்தில் கடுகளவு குமிழாகத் தோன்றி, மெல்லப் பெரிதாகி, உடைந்து, அதே இடத்தில் மீண்டும் தோன்றும். அவசரப்படுபவரின் கண்ணுக்கு அது தப்பிவிடும். ஹோஸை விரலுக்கு இடையே வளைத்துப் பார்த்தால், நேராக இருக்கும்போது தெரியாத வெடிப்புகள் வாய் பிளந்து தெரியும். வெடித்த ஹோஸுக்கு டேப் சுற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது. தீக்குச்சியால் கசிவு தேடக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கலாம். ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

"அண்ணே, காலி சிலிண்டர்தானே, எங்க வச்சா என்ன?" என்று இளையவர்கள் கேட்பதுண்டு. காலி என்று நாம் சொல்லும் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்திருக்குமே தவிர, வாயு முழுவதும் தீர்ந்திருக்காது. வால்வு திறந்தே கிடந்தால் மீதி வாயு வெளியே வரும். அதற்குப் பின் வெளிக்காற்றும் உள்ளே புகலாம். ஆகவே காலி சிலிண்டருக்கும் வால்வை மூடி, மூடி போட்டு, சங்கிலி கட்டி, 'காலி' என்று சாக்கட்டியால் எழுதி, நிறைந்தவற்றிலிருந்து தனியாக நிறுத்த வேண்டும்.

அடைபட்ட இடங்களும் அனுமதிச் சீட்டும்

தொட்டி, கப்பலின் அடிப்பகுதி, பெரிய குழாய் போன்ற அடைபட்ட இடங்களுக்குள் சிலிண்டரைக் கொண்டு செல்லவே கூடாது. சிலிண்டர் வெளியில் நிற்க, ஹோஸும் டார்ச்சும் மட்டும் உள்ளே போகலாம். தேநீர் இடைவேளைக்கு வெளியே வரும்போது அந்த ஹோஸையும் கூடவே வெளியே எடுத்துவர வேண்டும். கால் மணி நேரக் கசிவே ஒரு சிறு தொட்டியை நிரப்பிவிடும், திரும்பி வருபவர் முதலில் செய்வது டார்ச்சைப் பற்றவைப்பதுதான். 1978 அக்டோபர் 12 அன்று ஜூரோங்கில் பழுதுபார்ப்பில் இருந்த ஸ்பைரோஸ் என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பலில் வெடிப்பு ஏற்பட்டு 76 பேர் உயிரிழந்தனர். அங்கே வெடித்தது சிலிண்டர் அல்ல. எரிபொருள் தொட்டியில் சேர்ந்திருந்த ஆவியை வெட்டும் டார்ச்சின் பொறி பற்றவைத்தது. கண்ணுக்குத் தெரியாத ஆவி ஓர் இடத்தில் தேங்கியிருக்கிறதா என்று கருவியால் அளந்து பார்த்த பிறகே நெருப்பு வேலைக்கு அனுமதிச் சீட்டு தரவேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. கேஸ் செக் செய்யாமல் கையெழுத்திட்ட பெர்மிட் வெறும் காகிதம்.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டு செய்திகளை அறிந்திருந்தால் தொடக்கத்துக்குப் போதும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் எரிவாயுவைச் சேமித்து வைக்கச் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் தேவை. 2006ஆம் ஆண்டு நடப்புக்கு வந்த வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் கீழ், வேலையில் உள்ள அபாயங்களை மதிப்பிட்டு அவற்றைக் குறைக்கும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு. அந்த மதிப்பீட்டைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

தீப்பிடித்துவிட்டால்

வால்வருகே கசியும் வாயு எரிந்துகொண்டிருந்தால், பாதுகாப்பாக நெருங்க முடிகிற நிலையில் வால்வை மூடுவதே அதை அணைக்கும் வழி. வாயுவை நிறுத்தாமல் சுடரை மட்டும் அணைத்தால், எரியாத வாயு அறையை நிரப்பத் தொடங்கும். அது எரியும் சுடரைவிட ஆபத்தானது. நெருங்க முடியாவிட்டால் எல்லோரும் வெளியேறி 995ஐ அழைக்க வேண்டும். எரியாமல் கசிகிறது, வாடை வீசுகிறது என்றால், எந்தச் சுவிட்சையும் தட்டக் கூடாது, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது.

தீயில் சூடேறிய அசிட்டிலின் சிலிண்டருக்கு மற்றவற்றுக்கு இல்லாத ஒரு குணம் உண்டு. வெளித்தீ அணைந்த பிறகும் அதன் உள்ளே சிதைவு தொடர்ந்து நடந்துகொண்டிருக்கலாம். நீண்ட நேரம் கழித்தும் அது வெடிக்கலாம். தொட்டுப் பார்ப்பதோ, தூக்கி வெளியே போடுவதோ உயிருக்கு உலை. தீயணைப்பாளர்கள் மறைவான இடத்திலிருந்து அதன் மேல் தண்ணீர் பீய்ச்சி, நிறுத்தியதும் ஈரம் எவ்வளவு வேகத்தில் உலர்கிறது என்று பார்ப்பார்கள். நனைந்த உலோகம் நனைந்தபடியே இருந்தால் நல்லது. திட்டுத் திட்டாக உடனே உலர்ந்தால், ஆவி பறந்தால், உள்ளே இன்னும் சூடு இருக்கிறது, குளிர்விப்பதைத் தொடர வேண்டும். அவர்கள் வந்து இறங்கியதும் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, உள்ளே என்ன சிலிண்டர், எத்தனை, எந்த மூலையில் என்பதாகத்தான் இருக்கும். ஆகவே அந்த விவரத்தைப் பட்டறையின் வரைபடத்தோடு ஒரு தாளில் எழுதி, உருட்டுக் கதவுக்கு வெளியே கண்ணில் படும் இடத்தில் மாட்டி வைத்து, சிலிண்டர் வரும்போதும் போகும்போதும் அதைத் திருத்தும் பொறுப்பைப் பெயர் குறிப்பிட்டு ஒருவரிடம் கொடுங்கள்.